ஆறு நிமிடம்

அந்த நாடகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் துறைமுக ஊரான பீட்டர்ஹெட்டில் யாரும் சொல்வதில்லை. 'அது' என்றால் போதும். 'அது வந்த வருஷம்' என்றால் கைப்பிள்ளை வைத்திருப்பவள்கூடத் தலையாட்டுவாள். லண்டன்காரர்கள் எடுத்தது, மூன்று ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடியது. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் தளம் ஒன்று தீப்பிடித்து முப்பத்தொரு பேர் செத்த கதை. தளத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், ஆட்களுக்கும் வேறு பெயர். ஆனால் அது கார்வி தளம்தான் என்று எங்களுக்குத் தெரியாதா? செத்தவர்களில் ஒன்பது பேர் எங்கள் ஊர்.

துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் தெருமுனையில் எனக்குப் பேப்பர் கடை. தூத்துக்குடியில் கப்பலேறி, சமையற்கட்டில் வெங்காயம் உரித்து, ஒரு பனிக்காலத்தில் இங்கே இறங்கியவன் நான். திரும்ப ஏறவில்லை. செல்லத்துரை என்று முழுசாகச் சொல்ல இவர்கள் நாக்கு வளையாது, அதனால் துரை. வெள்ளைக்காரன் வாயாலேயே துரை என்று கூப்பிடவைத்த ஒரே தூத்துக்குடிக்காரன் நீர்தான் என்று என் மைத்துனன் கடிதம் தவறாமல் எழுதுவான்.

எல்ஸ்பெத் கோர்டினர் என் கடையில் காலை வேலை பார்த்தாள். ஐந்தரைக்கு வேன் வந்து கட்டுகளை வாசலில் எறிந்துவிட்டுப் போகும். கடல்மூட்டம் இறங்கிய நாளில் கட்டெல்லாம் நனைந்து கிடக்கும். அவள் கத்தியால் கயிற்றை அறுத்து, மேலிருக்கும் இரண்டு ஈரப் பேப்பரைத் தள்ளிவிட்டு, இணைப்புத் தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகுவாள். முன்பு மீன் கூடத்தில் ஹாடக் மீனை முள்ளெடுத்துக்கொண்டிருந்தவள், அந்த வேகம் அப்படியே கையில் இருந்தது. செருகிக்கொண்டே தலைப்புகளைச் சத்தமாக வாசிப்பாள். நான் தேநீர் போட்டு, பேக்கரியிலிருந்து வந்த உப்பு ரொட்டியைச் சூடாக்கி வைப்பேன். வெண்ணெய் ஒழுகும் அந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் பேப்பரைத் தொடக்கூடாது என்பது என் கடைச் சட்டம். அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

அவள் கணவன் ஃபின்லே கார்வியில் கிரேன் ஓட்டினான். ஒன்பது பேரில் ஒருவன். 'அது' டிவியில் வந்தபோது அவன் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் போனபோது மகள் ரோனாவுக்கு ஆறு வயது. இதெல்லாம் நடக்கும்போது அபர்டீனில் நர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள்.

தளத்து வேலையில் ஆளுக்கொரு மாற்றாள் உண்டு. இரண்டு வாரம் இவன் கடலில், அவன் வீட்டில். அடுத்த இரண்டு வாரம் அவன் கடலில், இவன் வீட்டில். ஒரே வேலை, ஒரே கட்டில். தலையணையும் ஒன்றுதான், உறை மட்டும் மாறும். வருடக்கணக்காக ஒரே மெத்தையில் படுக்கிறவர்கள் நேரில் பார்த்துக்கொள்வது ஹெலிகாப்டர் மேடையில் ஐந்து நிமிடம். ஒருவன் இறங்க, ஒருவன் ஏற, காதில் வாய்வைத்துக் கத்திக்கொள்வார்கள். ஃபின்லேயின் மாற்றாள் ஹெக்டர் டத்தி. நாள் மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மனைவிமார்தான் போனில் பேசி முடித்து, ஆபீசுக்கும் சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் நாம் நினைத்த நேரத்தில் தளத்துக்குப் போன் போட முடியாது. அங்கிருப்பவன் வரிசையில் நின்று, தன் முறை வந்தால் ஆறு நிமிடம் பேசலாம். ஏழாவது நிமிடம் தானாக அறுந்துவிடும். அந்த ஆறு நிமிடத்துக்குள் மனைவி அவனிடம் கேட்டு, மாற்றாளின் மனைவியிடம் சொல்லுவாள். ஊர் வழக்கம் அது.

தளம் எரிந்த அந்த நவம்பரில் ஹெக்டரின் தம்பிக்குக் கல்யாணம். ஹெக்டரின் மனைவி மீனா (பெயர்தான் நம் ஊர்ப் பெயர் மாதிரி, ஆள் இந்த ஊர்க்காரி) போன் போட்டாள், எல்ஸ்பெத் சரி என்றாள், ஃபின்லே மூன்று நாள் கூடுதலாகத் தங்கினான். இரண்டாம் நாள் தீப்பிடித்தது. ஹெக்டர் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஐஸ் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டான். வெள்ளிதோறும் எல்ஸ்பெத் வீட்டு வாசலில் ஒரு பொட்டலம் மீன் இருக்கும். கதவைத் தட்ட மாட்டான், உள்ளே வர மாட்டான். பன்னிரண்டு வருடம் அப்படி.

'அது' வருவதற்கு முந்தைய வருடம் லண்டனிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாடகம் எழுதுகிறவள். ஒன்பது வீட்டுக்கும் போனாள். எல்ஸ்பெத்தின் மஞ்சள் சமையலறையில் மட்டும் இரண்டு நாள் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவர் நிறத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஃபின்லே ஆசையாக அடித்த நிறம், அதனால்தான் பன்னிரண்டு வருடமாக அவள் மாற்றவில்லை என்று. நானும் அப்படித்தான் நம்பினேன். அங்கே உட்கார்ந்து மீன் சூப் குடிக்கும்போதெல்லாம், 'கொடுத்து வைத்தவன்' என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் பாகம் ஓடிய மறுநாள் திங்கட்கிழமை, கடை திருவிழாதான். நிற்க இடமில்லை. தளங்களில் இருபது வருடம் சமையல்காரனாக இருந்த கஸ் மில்ன் கதவைத் திறக்கும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"பாத்தீராவே துரை? சனிக்கிழமை மத்தியானம் அவனுவ அவிச்ச பீன்ஸு திங்கானுவ! சனிக்கிழமைன்னா வறுத்த மாட்டுக்கறி வே! கையகலத் துண்டு! இருபது வருசத்துல ஒரு சனிக்கிழமை நான் தப்ப விட்டதுண்டா? என்னைய ஊரு பாக்க அவமானப்படுத்திட்டானுவ."

"உம்ம கறியத் தின்னவன் சொல்லட்டும் அவமானமா இல்லையான்னு" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "அந்தக் கிரேன்காரன் சட்டையப் பாத்தியளா? ஒரு சொட்டு எண்ணெ இல்ல. சலவைக்கடையிலருந்து நேரா கிரேனுக்கு ஏறிட்டான்."

எல்ஸ்பெத் பேப்பரைப் பிரித்து வாசித்தாள். எடின்பரோ பேப்பர், கடல்தான் கதாநாயகன் என்று எழுதியிருந்தது. லண்டன் பேப்பர் ஒன்று, படப்பிடிப்பு அருமை, ஆனால் இவர்கள் பேசுவது விளங்கவில்லை, கீழே எழுத்துப் போட்டால் நல்லது என்றது.

"எங்க பேச்சு அவனுக்கு வெளங்கலியாம்" என்றான் கஸ். "அவன் எழுதுறது எங்களுக்கு வெளங்குதாக்கும்?"

எல்ஸ்பெத் அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

இரண்டாவது திங்கள் மூட்டம். தெருமுனை விளக்கே தெரியவில்லை. எல்ஸ்பெத் வாசித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அந்தத் தாளை மடித்துக் கட்டுக்கு அடியில் வைத்தாள். நான் விடுவேனா? எடுத்துப் பார்த்தேன்.

நாடகத்தில் ஃபெர்கஸ் என்று ஒரு கிரேன் ஓட்டி. வீட்டுக்குப் போக வேண்டிய நாளில், இன்னும் மூன்று நாள் தங்கினால் இரட்டைச் சம்பளம் என்றதும் தங்கிவிடுகிறான். பேப்பர்க்காரனுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. 'பேராசையின் முகம்' என்று தலைப்பு. எண்ணெய்ப் பணம் ஒரு தலைமுறையையே எப்படி விழுங்கியது என்பதற்கு இந்த ஒருவன் போதும், நடிகருக்குப் பரிசு நிச்சயம் என்று எழுதியிருந்தான்.

பத்து மணிக்கு ஹெக்டர் வந்தான். ஐஸ் ஃபேக்டரிப் பூட்ஸோடு.

"ரெட்டச் சம்பளமாம்! ஃபின்லே காசுக்கு நின்னானா? மீன் வாங்குனா மிச்சக் காச எண்ணிக்கூடப் பாக்க மாட்டான்வே அவன். என் தம்பி கல்யாணத்துக்காக நின்னான். எனக்காக நின்னான்." எல்ஸ்பெத் பக்கம் திரும்பினான். "அந்தப் பொண்ணுகிட்ட கல்யாணத்தச் சொல்லலியா நீ?"

"சொன்னேன்" என்றாள் எல்ஸ்பெத். "அவங்க மாத்திட்டாங்க போல."

"மாத்துவானுவளா? செத்தவன் வந்து கேக்க மாட்டாம்னு தைரியம். நான் கேக்குறேன். பேப்பருக்கு எழுதுறேன். எம் பேரப் போட்டு எழுதுறேன்."

"வேணாம் ஹெக்டர்."

"ஏன் வேணாம்?"

"போனது போச்சு. கிளறாதீங்க."

அவன் ஒன்றும் வாங்காமல் போனான்.

மூன்றாவது திங்கள் வந்தது. முந்தைய இரவு டிவியில் தளம் எரிந்து முடிந்திருந்தது. அதற்கு முன்னால் போன் காட்சி. ஃபெர்கஸ் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுகிறான். மனைவி அழுகிறாள். வாங்க, வந்துடுங்க, காசு யாருக்கு வேணும் என்று கெஞ்சுகிறாள். அவன் மூன்று நாள்தானே என்கிறான். ஆறு நிமிடம் முடிந்து போன் அறுகிறது. அவள் அறுந்த போனிலும் பேசிக்கொண்டே இருக்கிறாள். நான் கல்நெஞ்சுக்காரன், என் அம்மா சாவுக்கே மூன்று நாள் கழித்து அழுதவன். அந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு எல்லாப் பேப்பரும் அதைத்தான் எழுதியது. 'நடிப்பே இல்லாத ஆறு நிமிடம்' என்றது ஒன்று. 'இந்த வரிகளை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய முடியாது, ஒரு விதவையின் வாயிலிருந்து அப்படியே வந்தவை' என்றது லண்டன் பேப்பர்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு விதவை என்றால் நம் எல்ஸ்பெத்தானே என்று எனக்குப் பெருமை. அவள் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பக்கத்தை வெட்டி, கடைக் கண்ணாடியில் உள்ளேயிருந்து ஒட்டிவிட்டேன். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று வாசித்தார்கள். மறுநாள் காலை எல்ஸ்பெத் அதைப் பார்த்தாள். கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள்.

வியாழக்கிழமை மதியம் ரோனா பஸ்ஸிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். தோளில் பை, நனைந்த தலை. பிள்ளையைச் சின்னதிலிருந்து தெரியும். முன்பல் விழுந்தபோது என்னிடம்தான் மிட்டாய் வாங்கி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

"மாமா, சனிக்கிழமை நான் வாசிக்க மாட்டேன்."

சனிக்கிழமை கார்வி நினைவு நாள். துறைமுகத்து மாதா கோயிலில் ஒன்பது பெயரும் வாசிப்பார்கள். அந்தந்த வீட்டு ஆள் எழுந்து போய், தன் வீட்டுப் பெயரைத் தானே வாசிக்க வேண்டும். வாசிக்க ஆள் வராத பெயரை யாரும் எடுத்து வாசிப்பதில்லை. பாதிரியார் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஃபின்லேயின் பெயரைப் பத்து வயதிலிருந்து ரோனாதான் வாசித்துவந்தாள். முதல் நான்கு வருடம், பிள்ளை சின்னது என்று, அந்த வீட்டு ஆளாக ஹெக்டர் வாசித்தான். எல்ஸ்பெத் ஒருமுறைகூட எழுந்து போனதில்லை. தாங்க மாட்டாள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

"என்ன பேச்சு இது?" என்றேன். "உங்கப்பன் பேரு தாயி."

"லண்டன்ல இருக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு எங்கப்பா யாருன்னு. எனக்குத்தான் தெரியல. எங்க கிளாஸ்ல பேசிக்கிறாங்க மாமா, அந்த ஃபெர்கஸ் மாதிரி ஆளுங்களாலதான் எல்லாம்னு. நானும் கூட உக்காந்து தலையாட்டிட்டு வந்தேன். எங்கம்மா அப்படி அழுதிருக்கா. நான் வீட்டுக்குள்ள இருந்திருக்கேன். அவருக்கு மூணு நாள் சம்பளம் பெரிசாப் போச்சு."

"நாடகம்டா அது. ஹெக்டர் தம்பி கல்யாணத்துக்காகத்தான் உங்கப்பா..."

"கல்யாணம் ஒரு சாக்கு. அம்மாகிட்ட நேராக் கேட்டேன், அவரு காசுக்குத்தான் நின்னாரா, நெஜமான்னு. பதிலே சொல்லல. இல்லைன்னா இல்லைன்னு சொல்ல மாட்டாளா?"

தேநீர் போட்டுக்கொடுத்தேன். அவள் கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த பக்கத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

வெள்ளிக்கிழமை. அதை எப்படி எழுத என்று யோசித்து யோசித்து இத்தனை வருடம் தள்ளிப் போட்டேன். இனித் தள்ள எனக்கு வயசு இல்லை.

பதினொரு மணி இருக்கும். காலைக் கூட்டம் வடிந்திருந்தது. எல்ஸ்பெத் விற்காத பேப்பர்களைத் திருப்பியனுப்பக் கட்டிக்கொண்டிருந்தாள். ரோனா அவளைக் கூட்டிப்போக வந்து கல்லாப் பக்கம் நின்றாள். தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அப்போது ஹெக்டர் வந்தான். கோட்டு சூட்டு. மீன் பொட்டலம் இல்லை, கையில் ஒரு கவர்.

"எழுதிட்டேன்" என்றான். "லண்டனுக்கு. உங்க முன்னால வாசிச்சுட்டுத் தபால்ல போடணும்னு வந்தேன். இந்தப் பிள்ளையும் இருக்கறது நல்லதாப் போச்சு."

"ஹெக்டர், வேணாம்னேன்ல" என்றாள் எல்ஸ்பெத்.

அவன் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று வாசித்தான். "ஐயா, நான் ஃபின்லே கோர்டினரின் மாற்றாள். ஒன்பது வருடம் அவர் படுத்த கட்டிலில் படுத்தவன். அவர் காசுக்காகத் தங்கவில்லை. என் தம்பி கல்யாணத்துக்கு நான் போக வேண்டுமென்று, கேட்டதும் சம்மதித்தார். அவர் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன், நான் இருக்க வேண்டிய இடத்தில்..." அதற்கு மேல் அவனால் வாசிக்க முடியவில்லை.

"அவரு சம்மதிக்கல" என்றாள் எல்ஸ்பெத்.

கயிற்றுக்கட்டு கையிலிருந்தபடியே சொன்னாள். யாரையும் பார்க்கவில்லை.

"என்ன சொல்ற?" என்றான் ஹெக்டர்.

"அவருகிட்ட நான் கேக்கவே இல்ல. மீனா போன் போட்டா. கேட்டுச் சொல்றேன்னேன். மறுநாள் நானே போட்டு, கேட்டுட்டேன், சரின்னுட்டாருன்னேன். ஆபீசுக்கும் சொன்னேன். அவருக்குத் தெரியாது. பொட்டியோட மேடையில போயி நின்னுருக்காரு. ஹெலிகாப்டர்ல நீங்க வரல. லிஸ்ட்ல அவரு பேரும் இல்ல."

ரோனாதான் கேட்டாள். "ஏன்?"

"சமையக்கட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேன்."

"என்னது?"

"மஞ்சப் பெயிண்ட். அவருக்கு மஞ்ச பிடிக்காது. வெள்ளதான் வேணும்பாரு. வர்றதுக்குள்ள அடிச்சு முடிச்சுட்டா ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல. ரெண்டு சுவருதான் ஆயிருந்துச்சு." கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "பெயிண்ட் மட்டும் இல்ல. பொய் சொல்லக் கூடாது. அவரு வர்ற அன்னிக்கு விடியவே வேண்டாம்னு இருக்கும் எனக்கு. கெட்டவரு இல்ல, ஒரு நாள் கை நீட்டினதில்ல. ஆனா ரெண்டு வாரம் நானும் நீயும் நம்ம பாட்டுக்கு இருப்போம். அவரு வந்தா மொதல்ல தூங்குவாரு, வீடே மூச்ச அடக்கிட்டு இருக்கணும். அப்புறம் சட்டியெல்லாம் எடம் மாத்துவாரு. அவரு வீட்டுக்குப் பழகி, நாம அவருக்குப் பழகி முடிக்கறதுக்குள்ள திரும்பப் போயிருவாரு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான், யாரும் சொல்றதில்ல. எனக்கு இன்னும் மூணு நாள் வேணும்னு இருந்துச்சு. மூணே நாள்."

"போன்ல அழுதியே" என்றாள் ரோனா. "வாங்க வாங்கன்னு."

"அழல."

"பேப்பர் பூரா..."

"அந்தப் பொண்ணு, ஏன் அவரு அன்னிக்கு வரலைன்னு கேட்டா. அது வரைக்கும் யாரும் என்கிட்டக் கேட்டதில்ல. எல்லாரும் ஹெக்டர் தம்பி கல்யாணம்னு அவங்களே சொல்லிக்குவாங்க. ஹெக்டரச் சொன்னா இவரத்தான் ஊரு ஏசும். இவரு பட்டது போதாதா? என்னையச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதான் அவரு மேல போட்டேன். செத்தவருக்கு இனிமே என்ன வலிக்கப்போகுதுன்னு நெனச்சேன். காசுக்காக நின்னாரு, நான் அழுதேன்னு சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துச்சு. நெஜ அழுகைதான், பன்னெண்டு வருசம் லேட்டா வந்துச்சு. அதத்தான் அந்தப் பொண்ணு பதிஞ்சிக்கிட்டுப் போனா."

ஹெக்டர் பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அவன் சரின்னு சொன்னான்னுதான் நான் உயிரோட இருந்தேன் எல்ஸ்பெத்" என்றான். "எனக்கு மனசார விட்டுக்குடுத்தான்னு. அது ஒண்ணுதான் இருந்துச்சு எனக்கு." கடிதத்தை மடித்தான். கவருக்குள் அது போகவில்லை. அப்படியே கசக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

ரோனா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியருகே போய், நான் ஒட்டிய பக்கத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். முழுசாக வரவில்லை, நான்கு மூலையிலும் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றது. பையை எடுத்து மாட்டினாள்.

"ரோனா" என்றாள் எல்ஸ்பெத்.

"நான் மீனா அத்தை வீட்டுல இருக்கேன்."

"அப்பாவ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத. அதுக்குத்தான் சொன்னேன்."

"நெனைக்கல" என்றாள். "அவரப் பத்தி இனிமே ஒண்ணும் நெனைக்கல." கதவு மணி அடித்து ஓய்ந்தது.

சனிக்கிழமை காற்று கடலைத் தூக்கி ரோட்டில் அடித்தது. கோயில் நிறைந்திருந்தது. நாடகத்தைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள், போட்டோக்காரன் ஒருவனும் இருந்தான். எல்ஸ்பெத்தும் நானும் இடப்பக்கம் நான்காம் வரிசையில். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன், ரோனா வந்தால் வேண்டுமே என்று.

பாதிரியார் தொடங்கினார். முதல் பெயருக்கு ஒரு கிழவர் போனார். இரண்டாவது பெயர் கோர்டினர். பாதிரியார் தலைநிமிர்ந்து காத்திருந்தார். யாரும் எழவில்லை. எல்ஸ்பெத்தின் கை அந்தக் காலி இடத்தைத் தாண்டி என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதிரியார் அடுத்த தாளைத் தொட்டார். அவள் பிடியை விட்டு எழப்போனாள்.

அப்போது பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ரோனா. எங்களைத் தாண்டிப் போனாள், திரும்பவில்லை. மேலே ஏறி நின்று, "ஃபின்லே ஆண்ட்ரூ கோர்டினர். கிரேன் ஓட்டுநர்" என்றாள். எப்போதும் அவ்வளவுதான் வாசிப்பார்கள். அவள் இறங்கவில்லை. "வீட்டுக்கு வரப் பெட்டியோட நின்னவரு" என்றாள்.

இறங்கி வந்தவள் நான் விட்டிருந்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போய் ஹெக்டருக்கும் மீனாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். எல்ஸ்பெத் பாதி எழுந்தபடியே நின்றாள். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் அழவில்லை. "வாசிச்சுட்டா" என்றாள் என்னிடம். "கேட்டீங்களா துரை, வாசிச்சுட்டா." பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரோனா அன்று மாலையே அபர்டீன் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அட்டை ஒன்று வந்தது, என் கடை முகவரிக்கு, என் பெயருக்கு. வெள்ளிக்கிழமை மீன் பொட்டலமும் நின்றுபோனது. எல்ஸ்பெத் மட்டும் எப்போதும்போல ஐந்தரைக்கு வந்து கயிற்றை அறுத்தாள். தலைப்புகளைச் சத்தமாக வாசிப்பதை விட்டுவிட்டாள். நானும் உப்பு ரொட்டிச் சட்டத்தை எடுத்துவிட்டேன், அவள் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

வருடக் கடைசி வாரம். வெளியே ஆலங்கட்டி மழை. லண்டன் பேப்பரின் இணைப்பைச் செருகிக்கொண்டிருந்தவள் நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் பேப்பர்க்காரர்கள் வருடத்தின் சிறந்தது எது எது என்று பட்டியல் போடுவார்கள். அதில் டிவி நாடகக் காட்சிகளில் முதலாவது அந்தப் போன் காட்சி. 'இந்த ஆண்டு நம் வீடுகளுக்குள் வந்த மிக உண்மையான ஆறு நிமிடம்' என்று போட்டிருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல், "அந்தத் தாளை எடுத்து அடுப்புல போடு" என்றேன்.

"ஆறு நிமிஷம் இல்ல துரை" என்றாள்.

"எது?"

"நாங்க பேசுனது நாலு நிமிஷந்தான்."

மேடையிலிருந்து திரும்பி வந்து, பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஃபின்லே வரிசையில் நின்றிருக்கிறான். ஆபீஸ்காரன் ஏதோ குளறுபடி பண்ணிட்டான் எல்ஸ்பெத், எனக்கு இன்னும் மூணு நாளாம் என்றானாம். அப்படியா, அட பாவமே என்றாளாம் இவள், தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு. நீ வருத்தப்படாத என்று அவன் இவளைத் தேற்றினானாம். இதையெல்லாம் அன்றைக்குக் கடையில் வைத்தே அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நாலு நிமிஷம் ஆனதும், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, ரோனாகிட்டக் குடுன்னாரு" என்றாள் எல்ஸ்பெத். "அவ என் காலடியிலதான் இருந்தா. மேசைக்கு அடியில உக்காந்து, பெயிண்ட் டப்பா மூடியில விரல முக்கித் தரையில கோடு போட்டுக்கிட்டு. கூப்பிட்டா அந்தக் கையோட போனப் புடிப்பா, எல்லாம் மஞ்சளாயிரும். அப்பாகிட்ட பெயிண்ட்டையும் சொல்லிருவா. பக்கத்து வீட்டுல விளையாடப் போயிருக்கா, வந்தப்புறம் பேசிக்கலாம்னேன். சரி, மூணு நாள்தானேன்னாரு. வெச்சுட்டேன்."

இணைப்பைச் செருகி, பேப்பரை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அத மட்டும் அவகிட்ட சொல்லல. மத்தது எது தெரிஞ்சாலும் பரவால்ல. அந்த ரெண்டு நிமிஷம் அவளோடது. அதச் சொன்னா அவ தாங்க மாட்டா துரை. நீங்களும் சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். எல்ஸ்பெத் இருக்கும்வரை சொல்லவில்லை.